ஆறாவது தெருவுக்கு இருநூற்று ஐம்பது சொற்கள்

பூந்தமல்லி
ஜூலை 1

வித்யா அவர்களுக்கு,

எம்.பி.யின் பூந்தமல்லி அலுவலகத்திலிருந்து ஹபிபுல்லா எழுதுகிறேன். நீங்கள் டெல்லி அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் நாம் முகம் பார்க்கவில்லை. நம் எம்.பி. நாகப்பனின் குரல் பதிவு ஒன்று கட்சிக்காரர்கள் அத்தனை பேருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, அலுவலக விஷயம் எதையும் போனில் பேசக் கூடாது, எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அதனால்தான் ரயிலில் போய்வரும் இந்தக் கடிதப் பை. நாட்டில் தபால் எழுதுகிறவர்கள் நாம் இருவர் மட்டும்தான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

இந்த வாரப் பையில் மத்திய அரசுப் பள்ளியில் இடம் கேட்டு முப்பத்தொன்பது விண்ணப்பம், ரயில் காத்திருப்புப் பட்டியலிலிருந்து விடுதலை கேட்டுப் பதினாறு, திருமழிசைப் பக்கம் நெடுஞ்சாலையில் பள்ளம் இருப்பதாக ஒன்று, அதே பள்ளத்தில் விழுந்தவர் எழுதியது ஒன்று. சிவப்பு நூல் கட்டியது தனி. அதை முதலில் படியுங்கள்.

பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில் செண்பகா நகர். அதில் ஆறாவது தெரு. நாற்பத்து மூன்று வீடு, இருநூற்று நான்கு பேர். இரண்டு தபால் நிலையங்களின் எல்லை அந்தத் தெருவில் வந்து முட்டுகிறது. இது எங்களுடையது அல்ல என்று இரண்டும் எழுத்தில் சொல்லிவிட்டன. நான்கு வருடமாக ஒரு கடிதம் வரவில்லை. வங்கி அட்டை வரவில்லை, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. மனு கொடுத்து மனு கொடுத்து, மூன்றாவது மனுவில் "பணிவுடன்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எம்.பி.யிடம் சொன்னேன். "பார்லிமென்ட்ல ஒரு கேள்வி போட்டு வுட்டுடு பாய். கேட்டோம்னு இருக்கும்ல" என்றார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பதினான்காம் எண் வீட்டில் இருப்பவள் என் தங்கை சைனம்பு. கணவர் காலமாகி ஒன்பது வருடம். பூந்தமல்லி பிரியாணிக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கிறாள். தங்கைக்காகச் செய்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இந்த மனுவை இரண்டு வருடம் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

கேள்வியைக் கவனமாக எழுதுங்கள்.

ஹபிபுல்லா


புது டெல்லி
ஜூலை 5

ஹபிபுல்லா பாய் அவர்களுக்கு,

"கவனமாக" என்பதற்குக் கீழே நீங்கள் இரண்டு கோடு போட்டிருக்க வேண்டாம். நான் ஆவடியில் வளர்ந்தவள். தெரு என்றால் என்ன, தபால் என்றால் என்ன என்று தெரியும்.

நாடாளுமன்றக் கேள்விக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. (அ) இது உண்மையா? (ஆ) ஆமெனில் அதன் விவரம் என்ன? (இ) இல்லையெனில் காரணம் என்ன? (ஈ) அரசு என்ன செய்யப்போகிறது? போன கூட்டத்தொடர் வரை நம் எம்.பி. கேட்ட நூற்றாறு கேள்விகளும் இந்த வார்ப்பில் ஊற்றியவை. முந்தைய கேள்வி ஆழ்கடல் மீன்பிடிப்பு பற்றியது. மீனை எடுத்துவிட்டுத் தெருவை வைத்தேன். பத்து நிமிட வேலை.

எம்.பி. கையெழுத்துப் போட்டுவிட்டார். படிக்கவில்லை. "நம்பர் இன்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். நூற்றேழு என்றேன். சந்தோஷப்பட்டார்.

வித்யா


புது டெல்லி
ஜூலை 24

பாய் அவர்களுக்கு,

பதில் நேற்று, புதன்கிழமை, அவையில் வைக்கப்பட்டது. நகல் இணைத்திருக்கிறேன்.

(அ) செண்பகா நகரில் ஆறாவது தெரு என்று எதுவும் இல்லை.
(ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை.

எப்படி இப்படி வந்தது என்று விசாரித்தேன். தெரு எங்களுடையது அல்ல என்று இரண்டு தபால் நிலையங்களும் எழுதியிருக்கின்றன. மேலே இருப்பவர்கள் இரண்டையும் கூட்டியிருக்கிறார்கள். யாருடையதும் அல்லாதது எங்கே இருக்க முடியும் என்பது அவர்களுடைய நியாயம்.

இதை யாரும் வாசிக்கக்கூட இல்லை. இருநூற்றுச் சொச்சம் பதில்களோடு பன்னிரண்டு மணிக்கு ஒரு மேஜையில் வைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் வைத்தது வைத்ததுதான், அது பதிவு. இதே கேள்வியை இந்தத் தொடரில் மறுபடி கேட்க முடியாது.

நான் கவனக்குறைவாக எழுதியதால் வந்ததல்ல இது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வித்யா


பூந்தமல்லி
ஜூலை 28

வித்யா அவர்களுக்கு,

இருக்கிறதா என்று கேட்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும்? நீங்கள் "இது உண்மையா" என்று கேட்டீர்கள். உண்மை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மீனைப் பற்றி அப்படிக் கேட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

எம்.பி. சனிக்கிழமை ஊருக்கு வந்தார்.

"பதில் வந்துச்சா பாய்?"

"வந்துச்சுங்க. தெருவே இல்லனு வந்துகீது."

"வந்துச்சுல்ல. அப்ப நோட்டீஸ் அடிச்சுடு."

அடித்தோம். "செண்பகா நகர் ஆறாவது தெருவுக்காக நாடாளுமன்றத்தை அதிரவைத்த" என்று தொடங்கும். நானே எடுத்துக்கொண்டு போனேன். முனையில் யூசுப்பின் டீக்கடை. ஆறாவது தெருவுக்குத் தினம் இரண்டு முறை பிளாஸ்கில் டீ கொண்டுபோகிறவர் அவர். ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஆறாவது தெருவா? இங்க அஞ்சுக்கு அப்பறம் ஏழு தான பாய்" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தெரு இருந்தது. ஆனால் வழக்கமாகத் தண்ணீர் லாரி திரும்பி வரும் அகலம் அதற்கு. அன்று ஓர் ஆட்டோ உள்ளே போகக் கண்ணாடியை மடக்க வேண்டியிருந்தது. வெயிலில் கண் கூசியதால் எனக்கு அப்படித் தெரிந்திருக்கலாம்.

ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் ஜெயராமன் நோட்டீஸை வாங்கிக்கொண்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை, நல்ல மனிதர். அவர் மனைவி கஸ்தூரி, இந்தத் தாளுக்குப் பின்பக்கம் எழுதலாமா என்று கேட்டாள். சைனம்பு வழக்கம்போல மிக்ஸியை நிறுத்தாமலேயே பேசினாள். கிளம்பும்போது, "இன்னிக்கு புதன்கிழமை தான ணா?" என்றாள். சனி என்றேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஹபிபுல்லா


பூந்தமல்லி
ஆகஸ்ட் 4

வித்யா,

நேற்று காலை போனேன். ஆறாவது தெரு இல்லை.

நீ படித்த பெண். அதனால் அளவோடு சொல்கிறேன். ஐந்தாவது தெருக்காரர்களின் பின்சுவரும் ஏழாவது தெருக்காரர்களின் பின்சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் பாசி பிடித்திருக்கிறது. ஒரு வாரத்துப் பாசி இல்லை. பத்து வருடத்துப் பாசி.

ஐந்தாவது தெருவுக்குள் போய்ப் பின்சுவரோரமாக நடந்தேன். பாதித் தூரத்தில் கிராம்பும் பட்டையும் வாசம் அடித்தது. அப்புறம் மிக்ஸிச் சத்தம். சுவரிலிருந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்று எழுத விரும்புகிறேன், ஆனால் அந்தப் பக்கம் ஒரு சாண்தான் இருக்கிறது.

"சைனம்பு!" என்றேன். மிக்ஸி நின்றது.

"இன்னா ணா, வெளிய நின்னுகினு கத்துறே? கேட்டு தொறந்துதான கீது, உள்ள வா."

"எங்கம்மா கேட்டு?"

"எதிர்ல நின்னுகினே கேக்குறியே. கண்ணாடி மாத்து மொதல்ல."

எனக்கு எதிரில் செங்கல். கையை வைத்தேன். சூடாக இருந்தது, வெயில் படாத சுவர்.

"எல்லாரும் எப்டி இருக்கீங்க?"

"எப்டி இருப்போம்? தண்ணி லாரி வரல. கேஸ் வரல. குப்பை எடுக்க ஆள் வரல. எலக்சன் முடிஞ்சா இப்டித்தான, புதுசா இன்னா கீது? அடுத்த எலக்சன்ல வருவானுங்க கும்புடு போட்டுகினு. ணா, இன்னிக்கு புதன்கிழமை தான? நாளைக்கு கடைக்கு ரெண்டு கிலோ தூள் குடுக்கணும்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குள் இன்னும் அந்தப் புதன் முடியவில்லை. தெரு காணாமல் போனதைத் தெருக்காரர்கள் கவனிக்கவே இல்லை, வித்யா. கவனிப்பதற்கு அவர்களுக்கு வித்தியாசம் எதுவும் இல்லை.

அவளுடைய போனுக்கு அடித்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நீ ஏதாவது செய்.

ஹபிபுல்லா


புது டெல்லி
ஆகஸ்ட் 7

பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வெயிலில் சுவரோரமாக நடக்கக் கூடாது. தங்கையோடு ஏதாவது மனஸ்தாபமா?

நேற்று நம் எம்.பி. அவையில் கேள்வி நேரம் முடிந்ததும் இரண்டு நிமிடம் பேசினார். விலைவாசி பற்றி. குறிப்பு நான்தான் தயாரித்தேன், ஆனால் அவர் வழக்கம்போலப் பாதியில் தாளை மடித்து வைத்துவிட்டார். உங்கள் மனுக் கட்டு கையில் இருந்தது. முதலில் கண்ணில் பட்ட பெயரை எடுத்து, "என் தொகுதி செண்பகா நகர் ஆறாவது தெருவிலே, ஒன்பதாம் எண் வீட்டிலே, கஸ்தூரி என்ற ஏழை விதவை கண்ணீரோடு கேட்கிறார்" என்று முழங்கினார். மேஜையைத் தட்டினார்கள். அப்படி ஒரு விதவை அங்கே இருக்கிறாரா? நீங்கள் ஜெயராமன் என்று ஒரு கணவரைப் பற்றி எழுதியதாக ஞாபகம். எம்.பி.யிடம் கேட்டேன். "விதவைன்னா ஒரு எஃபெக்ட்டும்மா" என்றார்.

இன்னொன்று. போனில் வரைபடத்தைப் பார்த்தேன். ஐந்து, ஏழு. பாரிவாக்கம் பக்கம் வீடு வாங்கிய என் சித்தியிடம் கேட்டேன். "ஆறுன்னு ஒண்ணு இருந்ததில்லையேடி" என்றாள். அவள் ரவிக்கை தைக்கக் கொடுப்பது அந்தத் தெருவில்தான், எனக்கு நன்றாகத் தெரியும்.

விடுப்பு எடுங்கள், பாய்.

வித்யா


பூந்தமல்லி
ஆகஸ்ட் 11

வித்யா,

விடுப்பு எடுக்கவில்லை. டீ குடித்தேன். யூசுப் கடையில், போன புதன்கிழமை மதியம், உன் எம்.பி. முழங்கிய அதே நேரம்.

பன்னிரண்டேகால் இருக்கும். அந்த ஒரு சாண் இடைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் கஸ்தூரி வந்தாள். எப்படி என்று கேட்காதே, நான் கிளாஸைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், வந்திருந்தாள். யூசுப், "வாம்மா, பால் பாக்கெட்டா?" என்றார், தினமும் பார்ப்பவர்போல. ஒன்பதாம் எண் வீட்டின் கேட் மட்டும் இரண்டு சுவருக்கும் நடுவில் பச்சை நிறத்தில் நின்றது.

நான் ஓடிப்போய், "ஜெயராமன் எப்படிம்மா இருக்கார்?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அவரு போயி மூணு வருசம் ஆச்சே பாய். நீங்க தான வந்து மாலை போட்டீங்க."

எனக்கு மாலை போட்ட ஞாபகம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் கையில் நோட்டீஸ் கொடுத்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அவள் சொன்ன பிறகு மாலையின் கனம் கையில் லேசாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு நாள் போனால் போட்டேன் என்றே சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பின்சுவருக்குப் போனேன். உள்ளேயிருந்து ஜெயராமனின் குரல். "கஸ்தூரி, வண்டி சாவி எங்க வெச்சே?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, அதே மாதிரி, கோபமில்லாமல். "கஸ்தூரி, வண்டி சாவி எங்க வெச்சே?" சாவி அவளிடம் இருக்கிறது. அவள் வெளியில் இருக்கிறாள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அங்கே சொன்னால் இங்கே ஆகிறது. எதைச் சொன்னாலும் ஆகிறது.

ஹபிபுல்லா


புது டெல்லி
ஆகஸ்ட் 14

பாய்,

மன்னியுங்கள். மனஸ்தாபமா என்று கேட்டதற்கும் சேர்த்து.

சித்தியிடம் மறுபடி பேசினேன். "ஆறாவது தெருவா, அதான் கஸ்தூரி மட்டும் இருக்காளே, அந்தத் தெருவா?" என்றாள். ஒரே ஒரு வீடுள்ள தெரு அவளுக்கு விசித்திரமாகவே படவில்லை.

ஒரு வழி இருக்கிறது. 377-ஆம் விதி. அதில் கேள்வியே கிடையாது. உறுப்பினர் எழுந்து ஒரு விஷயத்தை வாசிப்பார், பதிவாகும், அவ்வளவுதான். யாரும் பதில் சொல்லத் தேவையில்லை, அதனால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தத் தொடரின் கடைசி நாள், 21-ஆம் தேதி, நம் எம்.பி.க்கு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. உரை இருநூற்று ஐம்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது. போனால் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

தெருவில் இருப்பவர்களின் பெயர்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். தலைப்பெழுத்து வேண்டாம். ஒருவருக்கு ஒரு சொல்.

வித்யா


பூந்தமல்லி
ஆகஸ்ட் 17

வித்யாம்மா,

பட்டியல் இணைத்திருக்கிறேன். ஒரு பகலும் ஓர் இரவும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். எதற்கு என்று கேட்டார்கள். கணக்கெடுப்பு என்றேன். உடனே எல்லாரும் குடும்ப அட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

இருநூற்று நான்கு பெயர். ஒருவருக்கு ஒரு சொல்தான், ஓர் இடத்தைத் தவிர. "ஜெயராமன், உயிரோடு" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை வெட்டாதே.

சைனம்புவைக் கடைசியில் போட்டிருக்கிறேன். அவள் வீட்டு எண்படி முன்னால் வர வேண்டும்தான். அலுவலகத்தில் இருப்பவன் தன் வீட்டு ஆளை முன்னால் தள்ளினான் என்ற பேச்சு வரக் கூடாது.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பார்லிமென்ட்ல என் பேரா! எம்.பி. என் பேர சரியா சொல்லுவாரா ணா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரத்தைவிடக் குரல் கொஞ்சம் தள்ளி இருந்தது, அடுத்த அறைக்குப் போய்விட்டவளைப் போல.

ஹபிபுல்லா


புது டெல்லி
ஆகஸ்ட் 19

பாய்,

கணக்குச் சொல்கிறேன்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, என் தொகுதி செண்பகா நகர் ஆறாவது தெருவில் வசிப்பவர்கள்" என்பது பதினோரு சொல். பெயர்கள் இருநூற்று நான்கு. மிச்சம் முப்பத்தைந்து.

அந்த முப்பத்தைந்தும் கட்சித் தலைமைக்குப் புகழ்மாலை. எம்.பி.யிடம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"இருபது வருசமா எங்க எழுந்தாலும் இத சொல்லிட்டுதாம்மா ஆரம்பிக்கிறேன். பேரு வாசிக்கிறதுக்கா எனக்கு சீட்டு குடுத்தாங்க?"

"அவங்க உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க சார்."

"ஓட்டு போட்டவன் டிவி பாக்க மாட்டான். சீட்டு குடுத்தவங்க பாப்பாங்க."

ஆக முப்பத்தைந்து, பதினொன்று, இருநூற்று நான்கு. சரியாக இருநூற்று ஐம்பது. ஆனால் "உயிரோடு" சேர்ந்தால் ஒன்று கூடுகிறது. யாரையாவது எடுக்க வேண்டும், அல்லது ஜெயராமனை அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டும்.

இரண்டும் செய்யவில்லை. புகழ்மாலையிலிருந்து "ஒப்பற்ற" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். தலைமை அந்த ஒரு சொல் இல்லாமலும் தாங்கும். எம்.பி. தட்டச்சுப் பிரதியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கவனிக்கவில்லை. இந்த முறை அவர் படிக்காததற்குச் சந்தோஷப்பட்டேன்.

வித்யா


புது டெல்லி
ஆகஸ்ட் 22

பாய்,

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நேற்று மதியம் மேல் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். எம்.பி. எழுந்தார். தாளைப் பார்த்துத்தான் வாசித்தார், ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புகழ்மாலைக்கு வந்ததும் கண் தாளைவிட்டு மேலே போனது. அது அவருக்கு மனப்பாடம். தாளில் இல்லாத "ஒப்பற்ற" அவர் வாயிலிருந்து தானாக வந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை, பாய். வாய் பழகியிருக்கிறது.

பிறகு பெயர்கள். நன்றாக வாசித்தார், அதைச் சொல்ல வேண்டும். அவையில் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "ஜெயராமன், உயிரோடு" என்றபோது மட்டும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். இருநூற்று மூன்றாவது பெயர் முடிந்ததும் மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. எம்.பி.யின் வாய் மட்டும் அசைந்தது. அடுத்த உறுப்பினரைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அவையை முடித்துவைத்தார்கள். இனிக் குளிர்காலத்தில்தான்.

வெளியில் வந்து, "ஒரு பேர் விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"ஒண்ணுதானம்மா. எரநூத்தி மூணு படிச்சேன்ல" என்றார்.

அந்தச் சொல்லை நான் எடுக்காமல் இருந்திருந்தால் நீங்களே ஏதாவது வழி கண்டிருப்பீர்கள்.

வித்யா


பூந்தமல்லி
செப்டம்பர் 1

வித்யாம்மா,

நீ எடுத்த சொல்லால் இல்லை. கடைசியில் வைத்தவன் நான்.

தெரு வந்துவிட்டது. தண்ணீர் லாரி திரும்புகிற அகலம். யூசுப் பிளாஸ்கோடு போய் வருகிறார். குப்பை வண்டி வருகிறது. எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜெயராமன் உயிரோடு இருக்கிறார். கஸ்தூரி அவருக்குச் சோறு போடுகிறாள், பேசுகிறாள், ஆனால் அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறாளாம், விருந்தாளி வந்த மாதிரி. அவர் என்னிடம் வருத்தப்பட்டார். கூடத்தில் அவருடைய படம் மாலையோடு மாட்டியிருக்கிறது. யார் மாட்டியது என்று இருவருக்கும் தெரியவில்லை. கழற்றவும் இருவருக்கும் கை வரவில்லை.

பன்னிரண்டாம் எண், பதின்மூன்றாம் எண், பதினைந்தாம் எண். நடுவில் எட்டடிக்கு ஒரு சுவர். மேலே பாசி. அதிலிருந்து மிக்ஸிச் சத்தம் வருகிறது. பதினைந்தாம் எண்காரர் எழிலரசியிடம் கேட்டேன். "ஆமா பாய், எங்கயோ அரைக்கிறாங்க" என்றார். பத்து வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

நான் கூப்பிட்டால் சைனம்பு பதில் சொல்கிறாள். "படிச்சாரா ணா?" என்று கேட்டாள். படித்தார் என்று சொல்லிவிட்டேன்.

எம்.பி. பாராட்டு விழா வேண்டும் என்கிறார். ஆறாவது தெருவிலேயே மேடை. எட்டடிச் சுவர் பேனர் கட்டத் தோதாக இருக்கிறதாம்.

ஹபிபுல்லா


புது டெல்லி
செப்டம்பர் 5

பாய்,

அச்சிட்ட அவைப் பதிவு வந்துவிட்டது. பக்கத்தை வெட்டி அனுப்புகிறேன். இருநூற்று மூன்று பெயர்கள். கடைசிப் பெயருக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளை. முற்றுப்புள்ளி வைத்து முடித்திருக்கலாம், யாரோ வைக்கவில்லை. நான் அந்தக் காற்புள்ளியை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலத் தொடருக்கு எம்.பி.யின் பெயரை இப்போதே கொடுத்துவிட்டேன். உரையில் ஒரே ஒரு பெயர் இருக்கும், முதல் சொல்லாக. மாண்புமிகுவுக்கும் முன்னால். விதிக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்புவார்கள். நான் மறுபடி அனுப்புவேன்.

அதுவரை அவளோடு பேசிக்கொண்டே இருங்கள்.

வித்யா


பூந்தமல்லி
செப்டம்பர் 22

வித்யாம்மா,

விழா பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நடந்தது. பேனரைச் சுவர் முழுக்க மறைத்துக் கட்டியிருந்தார்கள். எம்.பி.யின் முகம் சரியாகச் சைனம்புவின் கேட் இருந்த இடத்தில் வந்தது. தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. எம்.பி. எழுந்து, "இந்தத் தெருவில் இருக்கும் இருநூற்று மூன்று பேரும்" என்று ஆரம்பித்தார். பேனருக்குப் பின்னாலிருந்து மிக்ஸி ஓடியது.

எல்லாருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. எம்.பி. இரண்டு முறை நிறுத்தி ஆரம்பித்தார். அப்புறம் மைக்கிலேயே, "யாரும்மா அது, மிக்ஸிய கொஞ்சம் ஆஃப் பண்ணு தாயி, பேசிகினு கீறேன்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மிக்ஸி நின்றது.

எம்.பி.மேல் அவளுக்கு ஓட்டுப் போட்ட நாளிலிருந்தே மரியாதை அதிகம். அவர் சொன்னதும் நிறுத்திவிட்டாள். அவர் பேசி முடித்தார், சால்வை வாங்கினார், போய்விட்டார். பேனரைக் கழற்றினேன். சுவரைத் தட்டினேன். கூப்பிட்டேன். கிராம்பு வாசம் இல்லை. சுவர் குளிர்ந்திருந்தது, எந்தச் சுவரும் இருப்பதைப் போல.

அன்றிலிருந்து தினமும் காலையில் போகிறேன். சத்தம் இல்லை.

இப்போது அந்தத் தெருவுக்குத் தபால் வருகிறது, வித்யாம்மா. நாம் கேட்டது அதைத்தான். தபால்காரர் ஒரு வீடு விடாமல் கொடுக்கிறார். நான் அலுவலக ஆள், சோதிக்காமல் எதையும் நம்ப மாட்டேன். ஆறாவது தெரு, நாற்பத்து நான்காம் எண் என்று இல்லாத வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டேன். இரண்டே நாளில், "இப்படி ஒரு வீடு இல்லை" என்று எழுதி என்னிடம் திரும்பி வந்தது.

அதே தினம், அதே பெட்டியில், பதினான்காம் எண்ணுக்கும் ஒன்று போட்டிருந்தேன். அனுப்புநர் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இன்றோடு ஏழு நாள் ஆகிறது. அது இன்னும் திரும்பி வரவில்லை.

அதில் நீளமாக எதுவும் எழுதவில்லை. "எம்.பி. போய்விட்டார் சைனம்பு. இனி நீ மிக்ஸியைப் போடலாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஹபிபுல்லா